பதில் சொல்லும் வாசகர்: சுறாப் பாதுகாப்பும் பள்ளி எழுத்தும்



பள்ளிக் கல்வியைப் பற்றிச் சிந்திக்கும் இந்த மேடையில் சுறாமீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடல்வாழ் உயிர்களின் பாதுகாப்பை வகுப்பறைக்குள் கொண்டுவரும் முயற்சிகள் பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றில் சுறாவுக்குத் தனி இடம் உண்டு. சுறாவைக் காக்கச் சொல்லி முழக்கம் எழுதுவது, சுவரொட்டி வரைவது, அமைச்சருக்குக் கடிதம் எழுதுவது, ‘நான் ஒரு சுறா பேசுகிறேன்’ என்று தன்வரலாறு எழுதுவது ஆகிய பயிற்சிகளை எல்லோரும் அறிவோம். நம் பள்ளிகளிலும் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற வடிவில் சுற்றுச்சூழல் கட்டுரை ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக்குறை இருக்கிறது: மாணவி பேனாவைத் திறக்கும் முன்பே முடிவு தயாராகிவிடுகிறது. அவள் செய்ய வேண்டியது அதுவரை உள்ள பக்கங்களை நிரப்புவதுதான். சுறாவை இப்படிப் பயன்படுத்தினால் ஓர் அரிய வாய்ப்பை வீணடிக்கிறோம் என்பது என் வாதம். மாணவர் எழுதும் ஒரு வாக்கியத்துக்கு மறுமொழி வரக்கூடிய பொருள்கள் பள்ளியில் மிகக் குறைவு. சுறா அவற்றுள் ஒன்று. அங்கே கடலாய்வும் மறுத்துப் பேசும். மீனவரும் மறுத்துப் பேசுவார். அந்த மறுமொழிகளைக் கேட்டுத் திருத்தி எழுதக் கற்பிப்பதற்கே இந்தப் பொருளை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழிக்கு நான் இவ்வளவு அழுத்தம் தரக் காரணம் உண்டு. பிரிட்டனில் ஜேம்ஸ் பிரிட்டனும் அவருடைய குழுவினரும் 11 முதல் 18 வயது வரையிலான மாணவர்களின் எழுத்துகள் ஏறத்தாழ 2,000-த்தைத் திரட்டி ஆராய்ந்து 1975-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு எழுத்தும் யாரை வாசகராகக் கொண்டு எழுதப்பட்டது என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. ஏறக்குறைய பாதி எழுத்துகள் திருத்தி மதிப்பெண் போடும் ஆசிரியருக்காகவே எழுதப்பட்டிருந்தன. அந்த வாசகருக்குப் பொருள் முன்பே தெரியும். மாணவர் சொல்வதால் அவர் புதிதாக எதையும் அறியப்போவதில்லை. மாணவருக்கும் அது தெரியும். அரை நூற்றாண்டு கழிந்தும், வேறொரு நாட்டில், வேறொரு மொழியில், நம் தேர்வுத்தாளுக்கும் இந்த விவரிப்பு பொருந்துகிறது. இன்னொரு சான்று, எழுதுவதால் பாடம் விளங்குமா என்பதைப் பற்றியது. ஸ்டீவ் கிரஹாமும் உடன் ஆய்வாளர்களும் அறிவியல், சமூக அறிவியல், கணிதப் பாடங்களில் எழுத்துப் பயிற்சி தந்து பார்த்த 56 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்டார்கள். எழுதியவர்கள் எழுதாதவர்களைவிடக் கூடுதலாகக் கற்றார்கள். ஆனால் அந்தக் கூடுதல் நடுத்தரத்துக்கும் சற்றுக் குறைவானது. ‘எழுதினால் போதும், அறிவு தானே வளரும்’ என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. என்ன எழுதச் சொல்கிறோம் என்பதை அவ்வளவு கவனமாக அமைக்க வேண்டியிருக்கிறது.

இனிச் சுறாவுக்கு வருவோம். சுறாவைப் பற்றிய முதல் எளிய கதை அச்சத்தின் கதை. பீட்டர் பெஞ்ச்லியின் ‘ஜாஸ்’ நாவல் 1974-இல் வந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் படம் அடுத்த ஆண்டே வந்து உலகின் கடற்கரைகளையெல்லாம் அச்சுறுத்தியது. புளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் பன்னாட்டுப் பதிவேட்டின்படி, சீண்டாமலே சுறா மனிதரைக் கடித்த நிகழ்வுகள் 2023-இல் உலகம் முழுவதிலும் 69, 2024-இல் 47. பெஞ்ச்லி தம் பிற்காலத்தைக் கடல் பாதுகாப்புக்குக் கொடுத்தார். இப்போது அறிந்தவற்றை வைத்து அப்படியொரு நாவலை எழுத முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார். இந்தப் பகுதிக்கான பயிற்சி எளிது. சுறா கடித்த செய்தி ஒன்றைக் கொடுத்து, ‘கொடூர’, ‘வெறிபிடித்த’, ‘பழிவாங்கிய’ போன்ற சொற்களை நீக்கி, நடந்தது என்ன என்பது மட்டும் எஞ்சும்படி எழுதச் சொல்லலாம். ஒரு வகுப்பு நேரம் போதும். இதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. ஏனென்றால் அச்சத்தின் கதையை இன்றைய மாணவர்கள் ஓரளவு சந்தேகிக்கவே செய்கிறார்கள்.

அவர்கள் சந்தேகிக்காதது இரண்டாவது எளிய கதையை. கொடியவனாக இருந்த சுறா அதில் அப்பாவி ஆகிவிடுகிறது. ‘ஆண்டுதோறும் 10 கோடிச் சுறாக்கள் கொல்லப்படுகின்றன’ என்ற வாக்கியம் எல்லாச் சுவரொட்டிகளிலும் இருக்கிறது. இந்த எண்ணுக்கு மூலம், போரிஸ் வோர்ம் குழுவினர் 2013-இல் வெளியிட்ட மதிப்பீடு. அவர்கள் சொன்னது ஏறத்தாழ 10 கோடி. உண்மை எண் 6.3 கோடி முதல் 27.3 கோடி வரை எங்கும் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். சுவரொட்டிக்கு வரும்போது அந்த இடைவெளி காணாமல் போகிறது. எட்டாம் வகுப்பு மாணவியிடம் இந்த மூன்று எண்களையும் கொடுத்து, ஒரே வாக்கியத்தில், நேர்மையாகவும் வாசகர் மனத்தில் பதியும்படியும் எழுதச் சொன்னால் அது எவ்வளவு கடினமான பயிற்சி என்று உடனே தெரியும். ‘கோடிக்கணக்கான’ என்று மழுப்பினால் எண் போய்விடும். மூன்றையும் அடுக்கினால் வாசகர் போய்விடுவார். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதுதான் உரைநடைக் கல்வி. ‘உலகமே அழிகிறது’ என்று முப்பது பேர் எழுதிய முப்பது கட்டுரைகளைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிது.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் கிடைக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ரான்சம் மையர்ஸும் அவர் குழுவினரும் 2007-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அட்லாண்டிக் கரையோரத்தில் பெருஞ்சுறாக்கள் பிடிபட்டுக் குறைந்தன. அதனால் அவை தின்று கட்டுப்படுத்தி வந்த கௌநோஸ் என்னும் திருக்கை பெருகியது. அந்தத் திருக்கைகள் விரிகுடாச் சிப்பிகளைத் தின்று தீர்த்ததால் நூற்றாண்டு கண்ட சிப்பித் தொழில் சரிந்தது என்பது அதன் சாரம். சங்கிலி கச்சிதமாக இருந்தது. சுறா ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எங்கே கிடைக்கும்? பாதுகாப்பு இயக்கங்களும் கல்விக் கையேடுகளும் இதை ஏற்றுப் பரப்பின. ஆனால் அதே கதையை வேறொரு வாசகர் கூட்டமும் படித்தது. சுறாவைக் காப்பதற்குப் பதிலாக, திருக்கையைக் கொன்றால் சிப்பி பிழைக்கும் என்று அது புரிந்துகொண்டது. விரிகுடாவைக் காக்கத் திருக்கையைத் தின்னுங்கள் என்று செசபீக் விரிகுடாப் பகுதியில் ஒரு பரப்புரையே நடந்தது. திருக்கைகளை அம்பெய்து கொல்லும் போட்டிகளும் நடந்தன. 2016-இல் டீன் கிரப்ஸும் உடன் ஆய்வாளர்களும் அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சோதித்தார்கள். இந்தத் திருக்கை ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி ஈனுவது. சொல்லப்பட்ட வேகத்தில் பெருக அதனால் இயலாது. சிப்பி அதன் முதன்மை உணவாகவும் இல்லை. சிப்பிகளின் சரிவும் திருக்கையின் பெருக்கமும் காலவரிசையில் ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டு மேரிலாந்து மாநிலம் அந்தப் போட்டிகளை நிறுத்தி வைத்தது.

இதை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது? முதல் வாரம் 2007-ஆம் ஆண்டுக் கருத்தின் சுருக்கத்தைத் தமிழில் கொடுத்து, சுறாவைக் காக்க வேண்டியதன் தேவையை வலியுறுத்தி எழுதச் சொல்ல வேண்டும். மாணவர்கள் உற்சாகமாக எழுதுவார்கள், எழுதட்டும். இரண்டாவது வாரம் 2016-ஆம் ஆண்டு முடிவுகளைக் கொடுத்து, தாம் எழுதியதையே எடுத்து மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். இங்கேதான் உண்மையான எழுத்து தொடங்குகிறது. சிலர் சுறா தேவையில்லை என்ற மறுகோடிக்குப் போவார்கள். சிலர் புதிய சான்றைக் கண்டுகொள்ளாமல் பழையதையே அழகாகப் படியெடுப்பார்கள். ஒரு காரணம் வலுவிழந்ததால் முடிவு முழுவதும் விழுந்துவிடாது என்பதை யாரோ ஒரு மாணவர் கண்டுகொள்வார். 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970 முதல் 71 விழுக்காடு சரிந்திருப்பதாகக் காட்டியது. அந்தச் சரிவுக்கு வட கரோலினாச் சிப்பிகளின் துணை தேவையில்லை. ஒரு காரணத்தை விட்டுவிட்டு இன்னொன்றின் மேல் வாதத்தைக் கட்டி எழுப்பும் அனுபவத்தை எந்தக் கட்டுரைச் சட்டகமும் தராது.

‘நான் ஒரு சுறா பேசுகிறேன்’ பயிற்சியை என்ன செய்வது? அதை முற்றாகக் கைவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. இப்போது எழுதப்படும் சுறாத் தன்வரலாறுகளில் பேசுவது சுறா அல்ல, ஒழுக்கம் போதிக்கும் ஒரு பெரியவர் என்பது உண்மைதான். ஆனால் அந்த வடிவத்துக்குள் கடுமையான கட்டுப்பாட்டைக் கொண்டுவர முடியும். ரேச்சல் கார்சன் தமது முதல் நூலான ‘அண்டர் தி ஸீ-விண்ட்’டை 1941-இல் வெளியிட்டபோது, ஒரு பறவையையும் ஒரு கானாங்கெளுத்தி மீனையும் ஒரு விலாங்கையும் மையமாக வைத்துக் கடலை விவரித்தார். மீன் அஞ்சுகிறது என்று எழுதும்போது மனிதர் அஞ்சுவதுபோல் அது அஞ்சுகிறது என்று தாம் கருதவில்லை, அஞ்சியதுபோல் நடந்துகொள்கிறது என்பதே பொருள் என்று முன்னுரையில் விளக்கியும் வைத்தார். இந்த எச்சரிக்கை உணர்வோடு மாணவர் எழுத ஏற்ற செய்தி சுறாவிடம் ஏராளம். மணலுக்கடியில் அசையாமல் ஒளிந்திருக்கும் தட்டைமீனைச் சுறா எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை அட்ரியானஸ் கால்மின் 1971-இல் சோதனையால் காட்டினார். மீனின் மணம் வெளியே வராதபடி கடற்பாசிக் கூழால் ஆன அறைக்குள் அதை மூடி வைத்தபோதும் சுறா சரியான இடத்தைத் தோண்டியது. மின்புலம் வெளியேறாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சேர்த்து மூடியபோது அதற்கு மீன் இருப்பதே தெரியவில்லை. மீனை எடுத்துவிட்டு மின்முனைகளை மட்டும் புதைத்தபோது அவற்றைத் தாக்கியது. சுறாவின் மூக்குப் பகுதியில் உள்ள நுண்துளைகளே மின்புலத்தை உணரும் உறுப்புகள்; இத்தாலியர் ஸ்டெஃபானோ லொரென்சினி 1678-இலேயே அவற்றை விவரித்துவிட்டார், பயன்தான் புரியாமலிருந்தது. கண்ணால் கண்டதாகவோ காதால் கேட்டதாகவோ எழுதாமல், மின்புலத்தையும் நீரின் அதிர்வையும் மட்டும் கொண்டு ஒரு வேட்டையை ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். கற்பனைக்கு அறிவியல் போடும் இந்தக் கட்டு, மொழியை மிகவும் வேலை வாங்கும்.

மீனவர் என்ற வாசகரை இதுவரை ஒத்திவைத்தேன். சான்றுக்குப் பதில் சொல்வதைவிட அவருக்குப் பதில் சொல்வது கடினம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூரும் அதைச் சூழ்ந்த கடற்கரை ஊர்களும் ஆழ்கடலில் சுறாப் பிடிப்பதில் பெயர்பெற்றவை. நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கோத்து இறக்கி, கொச்சித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு, வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்யும் மக்கள் இவர்கள். 2001 ஜூலையில் இந்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. ஓர் ஆணையால் இவர்களுடைய தொழில் புலியை வேட்டையாடுவதற்கு ஒப்பான குற்றம் ஆனது. மீனவர் எதிர்ப்பு எழுந்தபின், அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டது. தன் வாசகர் யார் என்பதை நினைக்காமல் எழுதப்பட்ட ஆணைக்கு நேர்ந்த கதி இது. பிறகு 2013-இல் சுறாவின் துடுப்பை உடலிலிருந்து வெட்டித் தனியாகக் கரைக்குக் கொண்டுவரத் தடை வந்தது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதி முழுவதும் தடைசெய்யப்பட்டது. துடுப்பு வெட்டுவதை எதிர்க்கும் முழக்கங்களை மாணவர் எழுதும்போது, நம் கடற்கரையில் சுறா இறைச்சிக்காகவும் பிடிக்கப்படுகிறது என்பதையும், பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாப்புட்டு செய்து தரும் வீடுகள் அந்த வகுப்பிலேயே இருக்கின்றன என்பதையும் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. வோர்ம் குழுவினர் 2024-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இதை உலக அளவில் உறுதிப்படுத்தியது. துடுப்பு வெட்டுவதற்கு எதிரான சட்டங்கள் பெருகியிருந்தும், மீன்பிடிப்பால் இறக்கும் சுறாக்கள் 2012-க்கும் 2019-க்கும் இடையில் ஆண்டுக்கு 7.6 கோடியிலிருந்து 8 கோடியாகக் கூடியிருந்தன.

ஆகவே நான் முன்வைக்கும் கடிதப் பயிற்சியில் அமைச்சருக்கு எழுதும் கடிதம் இரண்டாவதாகத்தான் வரும். முதல் கடிதம் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு மீனவருக்கு. கடன் வாங்கிக் கடலுக்குப் போனவர், வலையில் தடைசெய்யப்பட்ட மீன் விழுந்துவிட்டது, வலையை அறுத்தால் இழப்பு தன்னுடையது என்ற நிலையில் இருப்பவர். அவரிடம் என்ன கேட்க முடியும், எதைக் கேட்க முடியாது? இந்தக் கடிதத்தை எழுதி முடித்த மாணவர் அமைச்சருக்கு எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும். அதில் வலைக்கான இழப்பீட்டுக் கோரிக்கை வந்து சேரும். வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் அங்கே குற்றவாளியின் பிள்ளைகளாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பால்சுறா, கொம்பன்சுறா, உளுவை, வேளா என்று இனம் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். வாள்போன்ற மூக்குள்ள வேளாவை உங்கள் தாத்தா கடைசியாக எப்போது பார்த்தார், அப்பா பார்த்தாரா, நீ பார்த்தாயா என்று மூன்று தலைமுறையிடம் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். ஒவ்வொரு தலைமுறை மீன்வள அறிவியலாளரும் தம் பணியின் தொடக்கத்தில் கண்ட கடலையே முழுமையான கடல் என்று எடுத்துக்கொள்வதால் இழப்பின் அளவு மறைந்துபோகிறது என்று டேனியல் பாலி 1995-இல் எழுதினார். அந்த மறைவை வெளிக்கொணரும் ஆவணத்தை ஒரு மாணவரின் வீட்டுப்பாடம் உருவாக்க முடியும்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலிமையானது, பிள்ளைகளை அசைப்பது உணர்ச்சிதான், சான்று அல்ல என்பது. அதற்கு ஆதாரமாகக் குஜராத்தைக் காட்டுவார்கள். காட்ட வேண்டிய ஆதாரம்தான். சௌராஷ்டிரக் கரையில் திமிங்கலச் சுறாக்களை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடி வந்தார்கள். மைக் பாண்டேயின் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ ஆவணப்படம் அந்தக் கொலையை உலகுக்குக் காட்டியது. 2001-இல் அந்த மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. சட்டம் மட்டும் போதாது என்று 2004-இல் ஒரு பரப்புரை தொடங்கியது. கதை சொல்வதில் புகழ்பெற்ற மொராரி பாபு அதில் முன்னின்றார். இந்த மீன் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று சொல்லப்பட்டது. அதையே வீதி நாடகமாகவும் நடித்துக் காட்டினார்கள். வலையில் சிக்கிய மீனை மீனவர்களே வலையை அறுத்து விடுவித்தார்கள். அப்படி விடுவிக்கப்பட்டவை பல நூறு. உணர்ச்சியின் வெற்றி இது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே நடந்தது அது மட்டுமல்ல. அறுக்கப்பட்ட வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருக்காமல், விடுவித்ததை மீனவரே படம் எடுத்துப் பதிவுசெய்ய அவர்கள் கையில் கேமரா கொடுக்கப்பட்டது. கதை வாசலைத் திறந்தது. இழப்பீடும் பதிவும் அந்த வாசல் மூடாமல் பார்த்துக்கொண்டன. இன்னொன்றும் உண்டு. அந்தக் கடலில் இளங்குட்டிகள் கண்டறியப்பட்டிருந்தாலும், திமிங்கலச் சுறாக்கள் ஈனுவதற்காகவே அங்கு வருகின்றன என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை ஆகவில்லை. தாய்வீட்டு உருவகத்தின் ஆற்றலையும், அதில் எது உறுதி, எது நம்பிக்கை என்பதையும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களால் பிரித்து எழுத முடியும். உணர்ச்சியை வெளியே தள்ளாமல், அது எதன்மேல் நிற்கிறது என்று கேட்கும் பழக்கமே நான் வேண்டுவது.

கடலையே பார்த்திராத தருமபுரி மாணவருக்குச் சுறா எதற்கு என்று கேட்கலாம். சந்தையில் கருவாட்டுக் கடை தருமபுரியிலும் உண்டு. அங்கே தொங்கும் சுறாக் கருவாடு எந்தத் துறையிலிருந்து வந்தது என்று விசாரித்து எழுதுவதிலிருந்து அவர் தொடங்கலாம். தமிழாசிரியருக்கு மீனியல் தெரியாதே என்பது இன்னொரு கேள்வி. இதில் அவர் எல்லாம் அறிந்த நடுவராக இருக்க வேண்டியதில்லை; அறிவியல் ஆசிரியர் இரண்டு பக்கச் சான்றுத்தாள் தயாரித்துக் கொடுத்தால் போதும், அந்தக் கூட்டுழைப்பு இரண்டு பாடங்களுக்கும் நல்லது. தேர்வுக்கு உதவுமா என்ற கேள்விதான் நடைமுறையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007-இல் தொகுத்த ஆய்வறிக்கையில், திட்டமிடுதல், திருத்தி எழுதுதல் ஆகியவற்றை வெளிப்படையாகக் கற்பிப்பதும் சுருக்கி எழுதப் பயிற்றுவதும் மாணவர் எழுத்தை மிகுதியாக உயர்த்தின. இலக்கணத்தை எழுத்திலிருந்து பிரித்துக் கற்பித்த முறைக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. சான்றுத்தாளைச் சுருக்குவதும் முதல் வரைவைத் திருத்துவதும் நான் சொன்ன பயிற்சிகளின் உயிர். ஆகவே தேர்வில் எழுதும் கட்டுரையும் இதனால் மேம்படும்.

மதிப்பெண் போடும் முறையை மட்டும் மாற்றியாக வேண்டும். இரண்டாவது வரைவை முதல் வரைவோடு சேர்த்தே ஆசிரியர் வாங்கிக்கொள்ள வேண்டும்; எந்த வாக்கியம் மாறியது, எந்தச் சான்றால் மாறியது, மாறாமல் நின்ற வாக்கியம் ஏன் நின்றது என்று மாணவர் ஓரத்தில் குறித்திருப்பதற்கே பாதி மதிப்பெண். சுறாவைக் காக்க வேண்டியதில்லை என்று சான்றோடு எழுதும் மாணவருக்கும் அந்த மதிப்பெண் முழுமையாகக் கிடைக்க வேண்டும். பொதுத்தேர்வு வினாத்தாளிலும் இதற்கு இடம் உண்டு: ஒரு பத்தி முழக்கத்தையும் ஐந்து வரிச் சான்றையும் கொடுத்து, அந்தச் சான்றுக்கு ஏற்ப அந்தப் பத்தியை ஒரு மீனவர் படிக்கும்படி திருத்தி எழுதச் சொல்லலாம்.